அமிகா 1200-இல் சிஎஃப் கார்டும் நெட்வொர்க்கும்: ஒரு பெட்டி, மூன்று கோளாறுகள்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது காமடோர் அமிகா 1200 என்ற வீட்டுக் கணினி, பால் (PAL) டிவி முறைக்கான வகை. 1992 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மாடல். 14.18 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68இசி020, 2 எம்பி சிப் ரேம், ஓஎஸ்-இன் மையப் பகுதி அடங்கிய கிக்ஸ்டார்ட் 3.0 ரோம், ஒரு 880 கேபி ஃப்ளாப்பி டிரைவ். ஹார்டு டிரைவ் இல்லாமல் விற்ற வகை. தேவை இரண்டு: ஃப்ளாப்பி இல்லாமல் பூட் ஆக வேண்டும், வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்புகள் போய் வர வேண்டும்.

இரண்டுக்கும் தனிப் போர்டு எதுவும் தேவையில்லை என்பதுதான் 1200-இன் சிறப்பு. மதர்போர்டிலேயே ஹார்டு டிரைவுக்கான 44 பின் ஐடிஇ இணைப்பு இருக்கிறது. இடது பக்கம், பழைய லேப்டாப் கார்டுகளைச் செருகும் 16-பிட் பிசிஎம்சிஐஏ ஸ்லாட் இருக்கிறது. இரண்டையும் கேய்ல் என்ற ஒரே சிப் கவனித்துக்கொள்கிறது. 8 ஜிபி சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) கார்டு, 8 எம்பி ரேம் கார்டு, பழைய லேப்டாப் நெட்வொர்க் கார்டு ஆகிய மூன்றையும் மாட்டியபோது தெரிந்த கோளாறுகள் இவை:

கார்டிலிருந்து பூட் ஆன இயந்திரம், சற்று நேரம் கோப்புகளை நகலெடுத்தபின் அடுத்த பூட்டில் பார்ட்டிஷன்களே இல்லாததுபோல் ஆனது. நெட்வொர்க் கார்டை இயந்திரம் கண்டுகொள்ளவே இல்லை. அதைச் சரிசெய்த பிறகும், கீபோர்டில் ரீசெட் செய்தால் கார்டு காணாமல் போனது.

மூன்றில் எதுவும் பாகம் கெட்டதால் வந்ததல்ல. முதல் இரண்டும் 1992-இல் போதும் என்று வைத்த எண் அகலங்களின் விளைவு. வாங்குவதற்கு முன் அந்த எண்களைக் கூட்டிப் பார்த்திருந்தால் 8 என்ற எண் பட்டியலில் இரண்டு இடத்திலும் வந்திருக்காது.

பெட்டியைத் திறந்ததும்

முதலில் கெபாசிட்டர்களைப் பாருங்கள். 1200-இன் மதர்போர்டில் உள்ள சர்ஃபேஸ் மவுன்ட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் முப்பது ஆண்டுக்குப் பின் கசியாமல் இருப்பது அபூர்வம். கசிந்த திரவம் தாமிரத் தடங்களை அரிக்கும். மங்கலான சாலிடர், கெபாசிட்டரைச் சுற்றிப் பிசுபிசுப்பு, குறைந்துபோன ஆடியோ ஆகியவை அறிகுறிகள். இதைச் சரிசெய்யாமல் புதிய பாகம் மாட்டினால், பிறகு வரும் கோளாறு எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது பவர் சப்ளை. 1200-உடன் வந்த இலகுவான சப்ளை 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தரும். சிஎஃப் கார்டுக்கு இது பிரச்சினை இல்லை. பழைய இரண்டரை அங்குலச் சுழல் டிரைவ் கிளம்பும்போது 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சிஎஃப் அதில் ஒரு சிறு பங்குதான் எடுக்கும். ஆனால் ரேம் கார்டு, நெட்வொர்க் கார்டு இரண்டும் அதே 5 வோல்ட்டில்தான் தொங்குகின்றன. அமிகா 500-உடன் வந்த கனமான சப்ளை 4 ஆம்பியருக்கு மேல் தரும், பிளக்கும் அதே வகை. புதிதாகச் செய்த சப்ளை கிடைத்தால் அதுவே மேல். முப்பது ஆண்டு பழைய சப்ளையை நம்பி இயந்திரத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மாட்டுதல்

தேவையானவை: 44 பின் ஐடிஇ-யிலிருந்து சிஎஃப்-க்கு மாற்றும் சாதாரண அடாப்டர் ஒன்று, இரண்டு முனையிலும் பெண் இணைப்பு உள்ள 44 பின் கேபிள் ஒன்று, கார்டு ஒன்று. கேபிள் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். 1200-இன் ஐடிஇ தடங்களுக்கு நடுவில் பஃபர் சிப் கிடையாது. கேபிள் நீண்டால் சிக்னல் சிதையும், அது படிப்புப் பிழையாக வெளிப்படும். சிஎஃப் கார்டு இயல்பிலேயே ஐடிஇ பேசும் என்பதால் அடாப்டரில் வேறு எதுவும் தேவையில்லை. எஸ்டி கார்டுக்கான அடாப்டர்களில் நடுவே ஒரு மொழிபெயர்ப்பு சிப் உட்கார்ந்திருக்கும். அவற்றில் சில அமிகாவோடு ஒத்துப்போகும், சில போகாது. முதல் முயற்சிக்கு சிஎஃப்-தான் நல்லது.

கேபிளை மாட்டும்போது பின் 1-ஐ ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 41, 42-ஆம் பின்களில் 5 வோல்ட், 43-இல் கிரவுண்ட். தலைகீழாகவோ ஒரு வரிசை தள்ளியோ செருகினால் அந்த 5 வோல்ட் டேட்டா தடத்துக்குள் போய்விடும். கேய்ல் சிப் போனால் ஐடிஇ, பிசிஎம்சிஐஏ இரண்டும் சேர்ந்தே போகும். அடாப்டரின் அடிப்பக்கம் பெரும்பாலும் மூடாமல் இருக்கும்; உலோகக் கவசத்தில் படாதபடி கேப்டான் டேப் ஒட்டுங்கள்.

புதிய கார்டை மாட்டும் முன் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரலால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிப்பது அவசியம். போலி கார்டுகள், சொன்ன கொள்ளளவைத் தாண்டியதும் சுற்றி வந்து ஆரம்பத்தையே அழிக்கும். நம் முதல் கோளாறும் வெளியிலிருந்து பார்க்க அதேபோல்தான் இருக்கும். இரண்டும் கலந்தால் தலைவலி.

முதல் கோளாறு: 429 கோடி

கிக்ஸ்டார்ட் 3.0, 3.1 இரண்டிலும் ரோமுக்குள் இருக்கும் ஸ்கஸி டிவைஸ் என்ற டிரைவர்தான் ஐடிஇ-யையும் ஓட்டுகிறது. டிரைவில் எங்கே படிக்க வேண்டும் என்பதை அது செக்டர் எண்ணாக வாங்குவதில்லை, பைட் எண்ணாக வாங்குகிறது. அந்த எண்ணின் அகலம் 32 பிட். அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 பைட்டுக்கு மேல் அதால் எண்ண முடியாது. அதைத் தாண்டிய முகவரி பிழைச் செய்தி தராது. பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். ரோமில் உள்ள எஃப்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமும் இதே 32 பிட்டைத்தான் நம்புகிறது.

டிரைவின் பூஜ்யத்தில் என்ன இருக்கிறது? ஆர்டிபி. பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற விவரமெல்லாம் அதில்தான்.

இந்தப் பெட்டியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 ஜிபி கார்டு என்பது சுமார் 800 கோடி பைட். முதல் பார்ட்டிஷனான டிஎச்0-க்கு 500 எம்பி, அதாவது 52 கோடி. மீதி முழுவதும் டிஎச்1. எஃப்எஃப்எஸ் தன் ரூட் பிளாக்கை (கோப்புப் பட்டியல் தொடங்கும் இடம்) பார்ட்டிஷனின் நடுவில் வைக்கும். 52-க்கும் 800-க்கும் நடு 426 கோடி. எல்லையான 429 கோடிக்கு மயிரிழையில் கீழே. அதனால் குயிக் ஃபார்மேட் சிக்கலின்றி முடியும், டிஎச்1 ஐகான் அழகாக வந்து நிற்கும். ரூட் பிளாக்கிலிருந்து மேல்நோக்கி இடம் பிடித்துக்கொண்டே போவது எஃப்எஃப்எஸ்-இன் வழக்கம். சுமார் 30 எம்பி நகலெடுத்ததும் எல்லை வந்துவிடும். அடுத்த எழுத்து நேராக ஆர்டிபி-யின் மேல் விழும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவும் தெரியாது, ஏனெனில் பார்ட்டிஷன் விவரம் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது. அடுத்த பூட்டில்தான் உண்மை தெரியும்.

டிஎச்0 இன்னும் பெரிதாக இருந்து ரூட் பிளாக்கே எல்லையைத் தாண்டியிருந்தால், ஃபார்மேட் செய்த நொடியிலேயே டிஎச்0-க்குள் எங்கோ ஒரு கோப்பு சிதைந்திருக்கும். அது இதைவிட மோசம். உடனே கண்ணில் படாது.

இந்தக் குழப்பத்தை வளர்ப்பது வின்யுஏஇ எமுலேட்டர். கார்டை கணினியில் மாட்டி எமுலேட்டருக்குள் அமிகா ஓஎஸ் 3.1.4 ரோமை வைத்துத் தயாரித்தால் முழுக் கொள்ளளவும் ஒழுங்காக ஓடும். 2018-இல் வந்த அந்தப் பதிப்பு 64-பிட் முகவரி அறிந்தது. அதே கார்டு 3.0 ரோம் உள்ள உண்மையான இயந்திரத்துக்குப் போனதும் பழைய டிரைவர் கையில் சிக்குகிறது. "எமுலேட்டரில் நன்றாக ஓடியதே" என்பது இந்த விஷயத்தில் சான்றே அல்ல. எமுலேட்டரில் தயாரிப்பதாக இருந்தால், பெட்டியில் எந்த ரோம் இருக்கிறதோ அதே பதிப்பை வைத்துத் தயாரிக்க வேண்டும்.

தீர்வுகள் இரண்டு. ரோமை 3.1.4-க்கோ, 2021-இல் வந்த 3.2-க்கோ மாற்றலாம். மாற்றும்போது ஒரு கண்ணி உண்டு: 1200-இன் ரோம் சாக்கெட்டுகளில் 42 துளை, சிப்பில் 40 கால். வெட்டுக்குறி இருக்கும் முனையில் 1, 42 ஆகிய துளைகள் காலியாக இருக்கும்படி செருக வேண்டும். மற்ற வழி, 4 ஜிபி கார்டு வாங்குவது. 4 ஜிபி என்று விற்கும் கார்டு சுமார் 400 கோடி பைட்தான். முழுவதும் எல்லைக்குள் அடங்கும், எந்தக் கணக்கும் போட வேண்டாம். அமிகாவின் மென்பொருள் அளவுகளைப் பார்த்தால் 4 ஜிபி நிரம்புவதே கடினம். இந்தப் பெட்டிக்கு அதுதான் செய்யப்பட்டது.

பார்ட்டிஷன் போடும் முறை

இன்ஸ்டால் ஃப்ளாப்பியிலிருந்து பூட் செய்து, எச்டிடூல்ஸ் டிராயரில் (அமிகாவில் ஃபோல்டரின் பெயர்) பார்ட்டிஷன் போடும் நிரலான எச்டி டூல்பாக்ஸைத் திறக்கவும். கார்டு "அன்நோன்" என்று தெரியும். "சேஞ்ச் டிரைவ் டைப்", பிறகு "டிஃபைன் நியூ", பிறகு "ரீட் கான்ஃபிகரேஷன்". கார்டே தன் அளவைச் சொல்லும். அதன்பின் "பார்ட்டிஷன் டிரைவ்". டிஎச்0-க்கு 500 எம்பி போதும், பூட் ஆகும்படி குறியிடவும். டிஎச்1-ஐ 2 ஜிபி-க்குள் வைத்து, மீதியை டிஎச்2 ஆக்குவது நல்லது. 2 ஜிபி-யைத் தாண்டினால் பழைய இன்ஸ்டாலர்கள் காலி இடத்தை எதிர்மறை எண்ணாகப் புரிந்துகொண்டு "இடம் இல்லை" என்று அடம்பிடிக்கும்.

"அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" திறந்து ஃபைல் சிஸ்டத்தை மாற்றும் பக்கத்தில் மேக்ஸ்-டிரான்ஸ்ஃபர் என்ற எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒரே கட்டளையில் எத்தனை பைட் கேட்கலாம் என்பது அது. ஐடிஇ-யில் செக்டர் எண்ணிக்கைக்கு 8 பிட் மட்டுமே. 256 செக்டர் வேண்டுமென்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். அதில்தான் பழைய டிரைவரும் சில கார்டுகளும் தடுக்கி விழுகின்றன. 255 செக்டரோடு நிறுத்தினால் சிக்கல் இல்லை: 255 பெருக்கல் 512, ஆக 1,30,560 பைட். பதினாறடிமான முறையில் பூஜ்யம், எக்ஸ், 1, எஃப், ஈ, 0, 0 என்று உள்ளிடவும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். டிஎச்0-க்குச் செய்துவிட்டு மற்றதை மறப்பது வழக்கமான தவறு. சிறு கோப்புகள் ஒழுங்காக வந்து, பெரிய ஆர்க்கைவ் மட்டும் விரிக்கும்போது சிஆர்சி பிழை காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

சேமிக்கும் முன், ஒவ்வொரு பார்ட்டிஷனின் முதல், கடைசி சிலிண்டர் எண்களையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஆர்டிபி மட்டும் அழிந்து உள்ளடக்கம் தப்பியிருந்தால், அதே எண்களோடு பார்ட்டிஷனை மீண்டும் வரையறுத்து, ஃபார்மேட் செய்யாமல் ரீபூட் செய்தால் எல்லாம் திரும்பி வரும்.

எஃப்எஃப்எஸ்-ஐ அப்படியே வைப்பதா, பிஎஃப்எஸ்3 என்ற மாற்று ஃபைல் சிஸ்டத்துக்கு மாறுவதா? எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அடுத்த பூட்டில் எஃப்எஃப்எஸ் பார்ட்டிஷன் முழுவதையும் சரிபார்க்கக் கிளம்பும். அது முடியும்வரை எதையும் எழுத முடியாது. பிஎஃப்எஸ்3 மாற்றங்களை ஒரே மூச்சில் பதிவு செய்வதால் அந்தச் சரிபார்ப்பே இல்லை. கோப்புப் பெயர் நீளமும் 30 எழுத்திலிருந்து 107 எழுத்தாகிறது. திறமூலமான பிஎஃப்எஸ்3-ஏஐஓ கோப்பை எச்டி டூல்பாக்ஸ் வழியாக ஆர்டிபி-யில் சேர்த்து, டாஸ்டைப் (ஃபைல் சிஸ்டத்தை அடையாளம் காட்டும்) எண்ணாகப் பதினாறடிமானத்தில் 50465303 கொடுக்கவும். அடிக்கடி மின்சாரம் தடைபடும் ஊரில் இருப்பவருக்கு யோசிக்கவே வேண்டாம், பிஎஃப்எஸ்3-தான்.

ரீபூட் செய்து, குயிக் ஃபார்மேட் போட்டு, அமிகாவின் டெஸ்க்டாப்பான வொர்க்பெஞ்சை நிறுவலாம். டிஎஃப்0-இல் ஃப்ளாப்பி இருந்தால் அதற்கே முன்னுரிமை; கார்டிலிருந்து பூட் ஆகவில்லை என்று பதறும் முன் ஃப்ளாப்பியை வெளியே எடுங்கள். மவுஸின் இரண்டு பொத்தான்களையும் அழுத்தியபடி பவர் போட்டால் வரும் பூட் மெனுவில் டிஎச்0 தெரிகிறதா என்றும் பார்க்கலாம்.

இரண்டாம் கோளாறு: எட்டு மெகாபைட்

சிப் ரேம் மட்டும் உள்ள 1200, கிராஃபிக்ஸ் சிப்களோடு ஒரே பஸ்ஸைப் பங்கிட்டுக்கொள்கிறது. சிபியு மட்டும் பயன்படுத்தும் ஃபாஸ்ட் ரேம் சேர்த்தால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நெட்வொர்க் நிரல்களுக்கும் 2 எம்பி போதாது. ஆகவே ரேம் கார்டு வேண்டும். எத்தனை எம்பி என்பதில்தான் சிக்கல்.

68இசி020-க்கு 24 முகவரித் தடங்கள், ஆக மொத்த முகவரி வெளி 16 எம்பி. அதில் விரிவாக்க ரேமுக்கு ஒதுக்கியது 2-ஆவது எம்பி முடிவிலிருந்து 10-ஆவது எம்பி வரை. பிசிஎம்சிஐஏ கார்டின் நினைவகச் சாளரம் 6-இலிருந்து 10 வரை. மேல் பாதி இரண்டுக்கும் பொது. 8 எம்பி ரேம் முழு இடத்தையும் எடுத்துக்கொண்டால், அமிகா பிசிஎம்சிஐஏ-வை அடியோடு அணைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஸ்லாட்டில் எதைச் செருகினாலும் சலனமே இருக்காது.

இந்தப் பெட்டியின் ரேம் கார்டில் 4 எம்பி-க்கு மாற்றும் ஜம்பர் இருந்தது. மாற்றியதும் ஸ்லாட் உயிர் பெற்றது. ஜம்பர் இல்லாத 8 எம்பி கார்டு வாங்கினால் ரேமா, நெட்வொர்க்கா என்று தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். 68030 போன்ற முழு 32-பிட் முகவரி உள்ள ஆக்சிலரேட்டர்கள் தங்கள் ரேமை அந்த 16 எம்பி-க்கு வெளியே வைப்பதால் இந்தச் சண்டை அவற்றுக்குப் பொதுவாக இல்லை.

நெட்வொர்க் கார்டும் டிரைவரும்

16-பிட் பிசிஎம்சிஐஏ கார்டாக இருக்க வேண்டும். பிற்கால லேப்டாப்களின் கார்டுபஸ் கார்டுகள் 32-பிட், 3.3 வோல்ட், இணைப்பின் மேல் புள்ளிகளோடு தங்கநிறப் பட்டை இருந்தால் அது கார்டுபஸ். ஸ்லாட்டுக்குள் போகாது, அழுத்திப் பார்க்காதீர்கள். என்இ2000 வகைக்கு ஒத்த கார்டுகளுக்கு ஆமிநெட் என்ற அமிகா மென்பொருள் இணையக் கிடங்கில் சிநெட் டிவைஸ் என்ற டிரைவர் கிடைக்கும். நெட்கியர் எஃப்ஏ411, டி-லிங்க் டிஇ-660 போன்றவை இந்த வகை. 3காம் 3சி589 கார்டுக்குத் தனி டிரைவர் உண்டு. பழைய கார்டு வாங்கும்போது அதற்கான சிறு இணைப்புக் கேபிள் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். கேபிள் தொலைந்த கார்டுகள்தான் மலிவாகக் கிடைக்கும், அவற்றால் பயனில்லை.

டிரைவரை டெவ்ஸ் டிராயருக்குள் நெட்வொர்க்ஸ் என்ற டிராயரில் போடவும். டிசிபி/ஐபி-க்கு (இணைய நெறிமுறை) ரோட்ஷோ என்ற நிரல் எளிது. டெவ்ஸில் நெட்-இன்டர்ஃபேசஸ் என்ற இடத்தில் ஒரு சிறிய டெக்ஸ்ட் கோப்பு: ஒரு வரியில் டிரைவரின் பெயர், இன்னொரு வரியில் டிஎச்சிபி மூலம் முகவரி வாங்கு என்ற கட்டளை. அவ்வளவுதான். கட்டணம் செலுத்தாத சோதனைப் பதிப்பு சிறிது நேரத்துக்குப் பின் இணைப்பைத் துண்டிக்கும். அதைக் கோளாறு என்று எண்ணி கேபிளைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

நெட்வொர்க் இல்லாமல் நெட்வொர்க் டிரைவரை எப்படிக் கொண்டுவருவது? கணினியில் எமுலேட்டர் வழியாக சிஎஃப் கார்டிலேயே போட்டுவிடுவது சுலபம். வின்யுஏஇ-யை நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லவும். இனிஷியலைஸ் செய்தால் முதல் செக்டரில் எழுதி ஆர்டிபி-யைக் கெடுத்துவிடும். எமுலேட்டர் பிடிக்காதவர்களுக்கு 720 கேபி டாஸ் ஃப்ளாப்பி இருக்கிறது. வொர்க்பெஞ்சில் ஸ்டோரேஜ் வட்டில் உள்ள பிசி0 ஐகானை இயக்கினால் அதைப் படிக்கும்.

டிஎச்சிபி முகவரி வரவில்லை, கார்டின் விளக்கும் எரியவில்லை என்றால் மறுமுனையைப் பாருங்கள். இந்தக் கார்டுகள் பலவும் 10 மெகாபிட் மட்டும் பேசும். புதிய 2.5 ஜிகாபிட் ரவுட்டர் போர்ட்டுகளில் பல 10 மெகாபிட்டுக்கு இறங்குவதே இல்லை. நடுவில் ஒரு பழைய 10/100 சுவிட்சை வைத்தால் சரியாகும்.

மூன்றாம் கோளாறு: ரீசெட்

பவரை அணைத்துப் போட்டால் நெட்வொர்க் வருகிறது. கன்ட்ரோலும் இரண்டு அமிகா விசைகளும் சேர்த்து ரீசெட் செய்தால் வருவதில்லை. 1200-இல் வார்ம் ரீசெட் பிசிஎம்சிஐஏ கார்டை முறையாக எட்டுவதில்லை என்பதே காரணம். கார்டு பழைய நிலையிலேயே தொங்குகிறது, இயந்திரம் புதிதாகத் தொடங்குகிறது. ஆமிநெட்டில் உள்ள கார்டுரீசெட், கார்டுபேட்ச் இரண்டும் இதற்கான மருந்து. ஸ்டார்ட்அப்-சீக்வென்ஸில் செட்பேட்ச் வரிக்குப் பின்னும் நெட்வொர்க்கைத் தொடங்கும் வரிக்கு முன்னும் அவற்றைச் சேர்க்கவும். சாலிடர் செய்து தீர்க்கும் வழியும் உண்டு. இந்தப் பெட்டிக்குத் தேவைப்படவில்லை.

எதற்குப் பயன்படும்

ஐடிஇ-யில் டிஎம்ஏ இல்லை. ஒவ்வொரு சொல்லையும் சிபியு-வே கையால் தூக்கி வைக்கிறது. நெட்வொர்க் கார்டிலும் அதே கதைதான். எனவே வேகமான சிஎஃப் கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். வேகம் வேண்டுமானால் சிபியு-வையும் ஃபாஸ்ட் ரேமையும் பாருங்கள்.

வலைத்தளம் பார்க்கும் ஆசைக்கு இது வழியல்ல. பாதுகாப்பு இணைப்புக்கான ஆமிஎஸ்எஸ்எல் நிரல் இருக்கிறது, இயங்கவும் செய்யும்; ஆனால் 14 மெகாஹெர்ட்ஸ் சிபியு ஒரு பாதுகாப்பு இணைப்பைத் தொடங்கவே திணறும். கணினியில் எளிய எஃப்டிபி சர்வர் ஒன்றை வைத்து, அமிகாவில் ஆமிஎஃப்டிபி-யால் கோப்புகளை இழுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்தது. விண்டோஸ் பகிர்வுகளை ஏற்றும் பழைய எஸ்எம்பிஎஃப்எஸ், எஸ்எம்பி-யின் முதல் பதிப்பை மட்டும் அறியும். அதை இன்றைய விண்டோஸ் மூடியே வைத்திருக்கிறது, அதற்காக மட்டும் திறப்பதும் நல்லதல்ல.

வாரத்துக்கு நான்கு கோப்பு மாற்றுவதுதான் வேலை என்றால் நெட்வொர்க்கே வேண்டாம். பிசிஎம்சிஐஏ-வில் செருகும் சிஎஃப் அடாப்டர் ஒன்றும், ஆமிநெட்டின் சிஎஃப்டி, ஃபேட்95 என்ற இரண்டு நிரல்களும் போதும். கணினியில் ஃபேட்32 முறையில் எழுதிய கார்டு நேராக வொர்க்பெஞ்சில் ஐகானாக வரும். ஸ்லாட் ஒன்றுதான் என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. இரண்டும் வேண்டுவோர் பேரலல் போர்ட்டில் மாட்டும் பிளிப்பாக்ஸ் என்ற நெட்வொர்க் சாதனத்தைப் பார்க்கலாம். வேகம் குறைவு, ஆனால் ஸ்லாட் மிஞ்சும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சிஎஃப் கார்டைக் கழற்றி, கணினியில் முழு கார்டையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுத்து வையுங்கள். 4 ஜிபி கார்டு என்பதால் இமேஜும் 4 ஜிபி-தான். திரும்ப எழுதும்போது மாற்றுக் கார்டின் செக்டர் எண்ணிக்கை மூலக் கார்டைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஒரே அளவு என்று விற்கும் இரு நிறுவனக் கார்டுகள் சில ஆயிரம் செக்டர் வேறுபடுவது சகஜம். அதனால் பார்ட்டிஷன் போடும்போதே கடைசியில் 50 எம்பி-யைக் காலியாக விட்டுவிடுவது நல்லது.